மதுரைக்குத் திரும்பிய வேன்

காலை ஏழே காலுக்கு நாரணாபுரத்தில் நான் முதலில் பார்த்தது, ஒரு தொண்டு நிறுவனத்தின் வெள்ளை வேன். முந்தின நாள் பட்டாசு ஆலை வெடித்ததில் கருகிய தொழிலாளி ஒருவர் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரைப் பார்க்க பஸ்ஸுக்குக் கிளம்பிய மனைவியை மறித்து நிவாரணப் பையைக் கொடுத்தார்கள். உள்ளே தார்ப்பாய், கொசுவலை, மெழுகுவத்தி, தீப்பெட்டி. வெள்ளமோ வெடியோ, உலகமெங்கும் இதே பைதானாம். என்ன வேண்டும் என்று அந்த அம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. நிறுவனத்தின் பேனர் படத்தில் சரியாக விழவில்லை என்று திரும்பத் திரும்பப் படமெடுத்ததில் பஸ் போய்விட்டது.

"மதுரைக்குத்தான போறீக? என்னையும் ஏத்திக்கிடுங்க."

"வெளியாளுங்கள ஏத்தக் கூடாதும்மா. ரூல்ஸ்."

"போட்டோவுக்கு மட்டும் நான் உள்ளாளாக்கும்?"

வேன் கிளம்பியது. பைகளை இறக்கிவிட்டதால் பின் இருக்கைகள் எல்லாம் காலியாக இருந்தன.