ஜெரஜாக் போகும் வழியில் நின்ற மோட்டார்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஈப்போவில் ரயில் ஏறினேன். பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை வரைக்கும் மூன்றாம் வகுப்பில் இரண்டு வெள்ளி எண்பது காசு. தூரம் நூறு மைலுக்குச் சற்று மேல். ரப்பர் விலை விழுந்திருந்த காலம். பெட்டியில் பாதிக்கு மேல் காலி. பக்கத்து இருக்கையில் கருவிப் பெட்டியை வைத்திருந்தேன். கடைசி வரை அதை எடுக்கச் சொல்லி யாரும் வரவில்லை.

நான் மோட்டார் பிட்டர். லாரி, தண்ணீர் பம்பு, ஈயம் தோண்டும் லம்பத்து எஞ்சின் என்று எது நின்றாலும் என்னை அனுப்புவார்கள். பினாங்குக்கு அதுதான் முதல் தடவை. காசிம் என்பவர் கடிதம் போட்டிருந்தார். "படகு மோட்டார் பாதி வழியில் நின்றுபோகிறது. இங்கே மூன்று பேர் பார்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவசியம் சரியாக வேண்டும்." காரணம் எழுதவில்லை.

பிறையிலிருந்து ஃபெர்ரி. பினாங்குக் கரையில் இறங்கி, ரிக்‌ஷாவுக்கு இருபது காசு கொடுத்து ஜெலுத்தோங் கடலோரம் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. காசிமுக்கு முப்பது வயதிருக்கும். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, கோழி கொண்டுபோய்க் கொடுப்பது தொழில். படகும் மோட்டாரும் அவருடைய அக்காள் புருஷன் மீரானுடையவை.

"மச்சான் இப்ப ஜெரஜாக்குல இருக்காரு அண்ணே," என்றார் காசிம், மோட்டாரைப் பார்த்துக்கொண்டே. "ஒன்றரை வருசமாச்சு."

ஜெரஜாக் என்பது பினாங்குக்குக் கிழக்கே கிடக்கும் சின்னத் தீவு. தொழுநோய்க்காரர்களை அங்கேதான் கொண்டுபோய் வைக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டிலிருந்து மூன்று வரை, சொந்தக்காரர்கள் போய்ப் பார்க்கலாம். அதுவரை வாடகைப் படகில் போய்வந்த அக்காளும் தம்பியும் போன மாதம் முதல்முறையாக இந்த மோட்டாரைப் பூட்டிக் கிளம்பி, நடுவழியில் மோட்டார் நின்று, நீரோட்டம் எதிராக இருந்ததால் துடுப்பு போட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. பாதியிலேயே திரும்பி வந்திருக்கிறார்கள்.

மோட்டார் இரண்டு சிலிண்டர். படகின் பின்பலகையில் மாட்டுவது. கயிற்றைச் சுற்றி இழுத்தால் கிளம்பும். அதைக் கழற்றி, தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இறக்கி மாட்டினேன். பிளக்குகளைத் துடைத்தேன். பொறி நீலமாக, பலமாக வந்தது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று மான்தோலில் வடிகட்டினேன். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். டாங்கியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பெட்ரோல் குறைவதைப் பார்த்தபடியே ஓட்டினேன். முக்கால் மணி நேரம் பிசகாமல் ஓடியது.

"கரையில எப்பவும் ஓடும் அண்ணே. கடல்லதான் நிக்கும்," என்றார் காசிம்.

சனிக்கிழமை கடலில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தோம். விடியும் முன்பே பிடித்த மழை பொழுது சாயும்வரை விடவில்லை. எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. குடையோடு சூலியா வீதிக்குப் போனேன். பணம் மாற்றும் கடைகள், அத்தர் கடைகள், புத்தகக் கடை ஒன்று. எங்கும் தமிழ்ப் பேச்சு. தேநீர்க் கடையில் மூன்று காசுக்கு ஒரு கோப்பை குடித்தேன். கடைக்காரர், "வெளியூரா?" என்றார். ஈப்போ என்றேன். "அங்கேயும் மழைதானே லா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அன்று முழுவதும் ஊரில் என்னிடம் பேசப்பட்டது அவ்வளவுதான். சாத்திய கடையொன்றின் வாசலில் நின்று, தெருவில் தண்ணீர் ஓடுவதை வெகுநேரம் பார்த்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்திருந்தது. பன்னிரண்டரைக்குப் படகைத் தள்ளினோம். காசிமின் அக்காள் பாத்தும்மா முக்காட்டை இழுத்துப் போர்த்தி, மடியில் ஒரு துணி மூட்டையுடன் முன்பக்கம் உட்கார்ந்தார். ஐந்து மைல் தூரம். சரியாக ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

கால் மணி நேரம் நன்றாக ஓடியது. கெலுகோர்க் கரை வலப்பக்கம் தெரியத் தொடங்கியபோது சத்தம் மெலிந்தது. இரண்டு முறை இருமிவிட்டு மோட்டார் நின்றது.

பாத்தும்மா திரும்பிப் பார்க்கவில்லை. மூட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காசிம் துடுப்பை எடுத்தார். நீரோட்டம் எங்களை வந்த வழியே தள்ளியது.

சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தேன். கை பொறுக்கும் சூடுதான். கயிற்றை ஏழெட்டு முறை இழுத்தேன், கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றினேன். உலர்ந்து கிடந்தது. பெட்ரோல் இறங்கவில்லை என்று அர்த்தம். டாங்கியில் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினேன். காசிம் பலமாக இறுக்கியிருந்தார். அது விடுபட்டதும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. டாங்கியிலிருந்து பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமானால், அது காலி செய்யும் இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவு துளை வைத்திருப்பார்கள். இந்த மூடியில் துளையைக் காணவில்லை. நகத்தால் சுரண்டினேன். மெழுகு. அதன் மேல் சாயமும் பூசியிருந்தது. கரையில் மூடியைத் திறந்து வைத்தே ஓட்டிய என் புத்தியை நொந்துகொண்டேன்.

"ஊக்கு இருக்கா அம்மா?" என்றேன்.

பாத்தும்மா முக்காட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார். துளையைக் குத்தித் திறந்தேன். இரண்டாவது இழுப்பில் மோட்டார் கிளம்பியது. அதன்பிறகு நிற்கவே இல்லை. ஜெரஜாக் துறையில் கயிறு கட்டியபோது மணி இரண்டடிக்கப் பத்து நிமிடம்.

மூட்டையை வாயிலிலேயே காவலர் வாங்கிக்கொண்டார். உள்ளே இரண்டு கம்பி வேலிகள்; நடுவே பத்தடி மண். அந்தப் பக்கம் மீரான் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். நெடிய மனிதர். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

"சத்தம் கேட்டுச்சு," என்றார். "நடுவுல நின்னுச்சுல?"

"நின்னுச்சு. இந்த அண்ணன் சரி பண்ணாங்க," என்றார் பாத்தும்மா.

"போன மாசமும் கேட்டேன். நின்னுச்சு. அப்புறம் சத்தமே இல்ல. படகு கவுந்துருச்சோன்னு நெனச்சேன். இங்க யார்கிட்ட கேக்குறது? உன் கடுதாசி வர ஒம்பது நாளாச்சு பாத்து."

பாத்தும்மா வாயை முக்காட்டால் பொத்திக்கொண்டார்.

மூடித் துளை மெழுகால் அடைபட்டிருந்ததைச் சொன்னேன். மீரான் தலையில் அடித்துக்கொள்வதுபோல் கையைத் தூக்கினார். துணி சுற்றிய விரல்கள் தெரிந்ததும் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நான்தான் அண்ணே அடைச்சேன். மழைத்தண்ணி இறங்குதேன்னு. ஓட்டும்போது மூடியை அரைத் திருகு தளர்த்தி விட்டுருவேன். காசிம்கிட்ட சொல்லணும்னு தோணல. என்னை இங்க கூட்டிட்டு வந்த அன்னிக்கு எதைச் சொல்ல முடிஞ்சது?"

காசிம் குனிந்து நின்றார். அவர்களைப் பேச விட்டு நான் விலகினேன். மீரானே என்னைக் கூப்பிட்டார்.

"ஈப்போவுல வீட்டுல யாரெல்லாம் அண்ணே?"

யாருமில்லை. பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கட்டில். ஆனால் அந்த வேலிக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சம்சாரம் இருக்கா. ரெண்டு பிள்ளைங்க," என்றேன்.

"பேரு?"

"பெரியவ கமலா. சின்னவன் ராஜு."

"அப்ப இன்னிக்கே போயிருங்க. காத்துக்கிட்டு இருப்பாங்க," என்றார் மீரான். அப்படியொரு சந்தோஷத்துடன் சொன்னார்.

மூன்று மணிக்கு மணி அடித்தார்கள். திரும்பும் வழியில் மோட்டார் ஒருமுறைகூட இருமவில்லை. காசிம் இன்னும் இரண்டு நாள் தங்கச் சொன்னார். பினாங்கு மலை ரயிலில் கூட்டிப்போவதாகச் சொன்னார். எனக்கும் ஆசைதான். ஆனால் பாத்தும்மா, "பிள்ளைங்களுக்கு" என்று ஒரு டப்பா ஜாதிக்காய் மிட்டாயை என் கையில் வைத்துவிட்டார். அதற்குமேல் எப்படித் தங்குவது? மாலை ஆறு மணி ஃபெர்ரியில் ஏறினேன். துறையில் இருவரும் நின்று கையசைத்தார்கள். பினாங்கு விளக்குகள் பின்னால் சிறுத்துக்கொண்டே போயின. ஓர் ஊரை விட்டுப் போகிறேன் என்று அதற்குமுன் எந்த ஊரிலும் எனக்குத் தோன்றியதில்லை.

ஆறு வாரம் கழித்துக் காசிமிடமிருந்து கடிதம் வந்தது. மோட்டார் நன்றாக ஓடுகிறதாம். மச்சான் கமலாவையும் ராஜுவையும் விசாரித்தாராம். உண்மையை எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து, கருவிப் பெட்டி மேல் தாளை வைத்து எழுதினேன்:

"இருவரும் சுகம். கமலா பள்ளிக்கூடம் போகிறாள். ராஜுவுக்கு மிட்டாய் மிகவும் பிடித்திருந்தது."