ஜெசிந்தா பார்க்காத திரைச்சீலை

செய்தி வந்தபோது நான் ஸ்டூல் மேல் நின்று ஹாலில் புதுத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன். அன்று மாலை அதைப் பார்க்கத்தான் ஜெசிந்தா வருவதாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "ஜெசிந்தாவுக்கு நெஞ்சுவலின்னு கூட்டிட்டுப் போனாங்க. வழியிலேயே..." என்றார். கீழே இறங்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

உங்களுக்கே தெரியும், நம் அலுவலகக் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. அதே ஹால், அதே ஜன்னல், அலுவலகம் அடித்துக் கொடுக்கும் அதே வெளிர்மஞ்சள் சுவர். அதனால்தான் எனக்கு வயிறு எரிந்தது. மாடியில் ஜெசிந்தாவின் ஹாலுக்குப் போனால் எழுந்திருக்க மனம் வராது. கீழே என் ஹாலுக்கு வருகிறவர்கள் காபி குடித்ததும் கிளம்பிவிடுவார்கள். என்னைவிட அவள் ஒன்றும் அதிகம் செலவழிக்கவில்லை என்பது இன்னும் எரிச்சல்.

அவள் கடலோரச் சதுரங்கப்பட்டினத்துக்காரி. சோபாவுக்கு மேலே பழைய மீன்வலை ஒன்றை அழகாக மாட்டியிருந்தாள். அவளிடம் போய்க் கேட்பதா என்ற வீம்பில், நானும் கடற்கரைக்குப் போய் ஒரு பழைய வலையை வாங்கிவந்து அப்படியே சுவரில் மாட்டினேன். பல தடவை அலசி வெயிலில் காயப்போட வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? மறுநாள் குடியிருப்புப் பூனைகள் அத்தனையும் என் வாசலில். படியிறங்கி வந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, வூட்ல கருவாட்டுக் கடை போட்டுகீறியா?" உங்களில் பலர் அன்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

அதன்பின் போனில் அழகழகான அறைகளாகப் பார்த்துத் தள்ளினேன். ஒருநாள் ஆபீஸ் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். "அதெல்லாம் அடுத்தவங்க வூடுக்கா. தெனம் இன்னாத்த பாத்தா உனக்கு மனசு லேசாவுது? அத்த வூட்டுக்குள்ள கொண்டாந்து வையி." கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே சவுக்குத் தோப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தோப்பின் மங்கிய பச்சையில்தான் திரைச்சீலைக்குத் துணி தேடி அலைந்தேன். கிடைத்துத் தைத்து வந்ததும் அவளைத்தான் முதலில் கூப்பிட்டேன். அவள் வாயால் ஒரு தடவை "நல்லா கீதுக்கா" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளைக் கிடத்தியிருந்த ஹாலிலும் என் கண் சுவருக்குத்தான் போனது. அப்போதும் பொறாமைதான். அவள் கணவர் என்னைக் கண்டதும் அழுதுவிட்டார். "அக்கா, உங்க வூட்டுக்கு வரணும்னு காலைலயே இந்தப் பொடவைய எடுத்து வெச்சிருந்தா. அதையே கட்டி வுட்டுட்டோம்."

ஜெசிந்தாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பச்சைதான். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தொட்டுப் பார்த்து, "ஜெசிந்தா யோசனையா?" என்று கேட்கிறார்கள். அவள் இருந்திருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். இப்போது, ஆமாம் என்கிறேன்.