அண்ணியின் கண்ணுக்கு நான் போட்ட டிக்குகள்

அந்தத் தாளில் நான் சரியாக எழுதியிருந்தால் டாக்டர் வேறு மருந்து கொடுத்திருப்பாரா? என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது இது. இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

அண்ணி என் கணவரின் அக்கா. தன் கணவர் இறந்தபின், ஆரணி பக்கம் சேவூரில் எங்களோடுதான் இருக்கிறார். பாவு பிணைப்பது அவர் வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு தீரும்போது, அதன் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். இமைக்காமல் பார்த்தே கண் வறண்டுவிட்டது என்று வெளியூர்க் கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனோம். நான்கு மாதக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். உள்ளே கூப்பிடுவதற்கு முன் நர்ஸ் இரண்டு தாள்களைக் கொடுத்தார். கண் உலர்வதால் அன்றாட வேலை எவ்வளவு பாதிக்கப்படுகிறது, சிகிச்சை திருப்தியாக இருக்கிறதா என்று நோயாளியைக் கேட்டு நிரப்ப வேண்டுமாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள், ‘எப்போதும்’ முதல் ‘இல்லை’ வரை.

“பேப்பர் படிக்கும்போது கண்ணு உறுத்துதாங்க அண்ணி?”

“நான் எப்போ பேப்பர் படிச்சேன்? பஜ்ஜி எண்ணெய ஒத்தி எடுக்கறதோட சரி.”

‘இல்லை’ என்று போட்டேன்.

“ராத்திரில வண்டி ஓட்டும்போது?”

“ஓட்டறனே, உன் புருஷன பின்னால குந்த வெச்சிகினு!”

நர்ஸ் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். மறுபடியும் ‘இல்லை’.

“ஃபேன் காத்து பட்டா எரியுதுங்களா?”

“தறி வீட்ல எவ ஃபேன் போடுவா? இழை பறந்துடாது?”

மூன்றாவது ‘இல்லை’. மூன்றும் உண்மைதான். ஆனால் பிணைக்க உட்கார்ந்தால் கண்ணில் மணல் விழுந்ததுபோல இருக்கிறது என்று அண்ணி வீட்டில் சொல்வார். சாம்பல் விரலோடு கண்ணைத் துடைக்கவும் முடியாது. அதைக் கேட்கும் கேள்வி தாளில் இல்லை.

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு தாண்டியிருந்தது. மார்பில் பால் கட்டி, ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். குழந்தை கத்தும், புட்டிப்பால் குடிக்காது. இந்த ஆரணி பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம். மீதிக் கேள்விகளை நான் அண்ணியிடம் கேட்கவே இல்லை. நானாகவே ‘சில நேரம்’, ‘சில நேரம்’ என்று இறங்கினேன்.

இரண்டாவது தாளில், மருந்து போடுவது வசதியாக இருக்கிறதா என்று இருந்தது. போட்டதும் கொஞ்ச நேரம் மங்குகிறது, இழை தெரிவதில்லை என்று அண்ணி வேலை நாட்களில் மருந்தையே தொடுவதில்லை. எனக்குத் தெரியும். ‘வசதி’ என்று போட்டேன். ‘திருப்தி’ என்றும் போட்டேன். கடைசியில், வேறு ஏதாவது சொல்ல இருந்தால் எழுதும்படி மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். அதில் ஒரு கோடு இழுத்தேன்.

“அதுக்குள்ள முடிஞ்சிச்சா? படிச்சவ படிச்சவதான்” என்றார் அண்ணி.

டாக்டர் தாளைப் பார்த்தார், விளக்கு வைத்துக் கண்ணைப் பார்த்தார். “தேவலாம் போல இருக்கே. இதே மருந்த போடுங்க. வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?”

அண்ணி என்னைப் பார்த்தார். “இல்லைங்க” என்றேன் நான். பஸ் கிடைத்தது.

அடுத்த வருடம் ஒரு கல்யாணப் புடவைப் பாவில் அண்ணி, கரை இழைகளோடு உடல் இழைகளை மாற்றிப் பிணைத்துவிட்டார். பிரித்து மறுபடி பிணைக்க ஒரு நாள் ஆனது. தறிக்காரர் திட்டவில்லை, அடுத்த பாவுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார். கொஞ்ச நாளில் அண்ணியும் இனி வரமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இப்போது ராட்டையில் நூல் சுற்றுகிறார். மகளுக்குத் தலை வாரும்போது வகிட்டை விரலால் தடவித்தான் எடுக்கிறார்.

இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று போன வாரமும் கூப்பிட்டேன்.

“இன்னாத்துக்கு? எல்லாத்தையும் கேட்டு, எழுதி வாங்கிகினுதான மருந்து குடுத்தாங்க? என் கண்ணு அவ்ளோதான். வுடு.”

எழுதியது நான்தான், உங்களைக் கேட்காமல் எழுதினேன் என்று சொன்னால் ஒருவேளை வருவார். ஆனால் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு, தட்டில் சோறு போட்டுக் கொடுத்தவளை அவர் எப்படிப் பார்ப்பார்? ஒருவேளை சரியாக எழுதியிருந்தாலும் அதே மருந்துதானோ? அப்படியானால் சொல்லி அவர் மனதைக் கெடுப்பது எதற்கு? இப்படி யோசித்தே இன்னொரு வாரமும் போய்விட்டது.

படிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒன்றை வீட்டுப் பெரியவரிடம் சொல்லியிருந்தால், எந்த வார்த்தையில் ஆரம்பித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். முதல் வார்த்தை கிடைத்தால் மீதியைச் சொல்லி, அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று நினைக்கிறேன்.