ஆயுத பூஜைக்கு அப்டேட் செய்த கம்ப்யூட்டர்

சில்க் போர்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓசூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. எலெக்ட்ரானிக் சிட்டியில் தங்கியிருந்த பி.ஜி. விடுதியை அன்று காலைதான் காலி செய்திருந்தேன். அங்கே ஒரு கம்பெனியின் சர்வர் ரூமில் வேலை. கேபிள் இழுக்க வேண்டும், ராக்கில் மெஷின் ஏற்ற வேண்டும், ஏதாவது நின்றுபோனால் மேலே இருப்பவர்கள் போனில் சொல்லச் சொல்ல கமாண்ட் அடிக்க வேண்டும். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் சிஸ்டம் எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

சூப்பர்வைசர் மறுபடியும் எனக்கே ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் போட்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐடி கார்டை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பை விட்டதும் அப்படித்தான். அதற்குப் பிறகு ஓட்டல், லாரி, சைபர் சென்டர் எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டேன். ஒக்கலிபுரத்தில் ஒரு நண்பனின் அறை இருந்தது. அங்கே படுத்து எழுந்து, ஸ்டேஷனுக்குப் போய், கிடைக்கும் ரயிலில் ஏறுவதாக இருந்தேன்.

அன்று விஜயதசமி. ஆட்டோக்களில் வாழைக்கன்று கட்டியிருந்தது. ரோட்டில் உடைத்த பூசணிக்காயில் வழுக்காமல் நடக்க வேண்டியிருந்தது. வழியில், அடுகோடியில் ஒரு டீக்கடையில் நின்றேன். பக்கத்துக் கடையில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

1. டபுள் கிளிக்

அது லேசர் கட்டிங் கடை. அக்ரிலிக் ஷீட்டில் எழுத்து வெட்டி போர்டு செய்வார்கள். மஞ்சுளா என்ற அக்கா தனியாக நடத்திவந்தார். எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தவர் பெயர் கிரி. அன்று சாயங்காலம் அவர் டிபன் கடை திறக்கிறார். அதற்கான பெயர் போர்டு இன்னும் வெட்டப்படவில்லை.

"விஜயதசமி அன்னைக்கு மொத கட்டிங் நம்மளதுதான்னு நீங்கதானே சொன்னீங்க? போர்டு இல்லாம கடை தொறந்தா ஜனங்க வீட்டுக் கிரகப்பிரவேசம்னுதானே நெனச்சுப்பாங்க?"

"மிஷின் நல்லாதான் இருக்கு கிரி. கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் தொறக்க மாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

"குங்குமத்த அப்பி வெச்சா எப்படித் தொறக்கும்?"

மானிட்டரில் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம். மவுஸுக்கும் ஒரு பொட்டு. நான் டீ கிளாஸோடு வாசலில் நின்று, "லினக்ஸா அக்கா?" என்றேன்.

"ஆமா. நீ யாரு தம்பி?"

"லினக்ஸ்ல கொஞ்சம் வேலை பாத்திருக்கேன்."

"எந்தக் காலேஜு?" என்றார் கிரி.

"காலேஜுக்குள்ள கேபிள் இழுத்திருக்கேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வா, வந்து பாரு. இதுக்கு மேல கெடறதுக்கு ஒண்ணுமில்ல" என்று ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். அந்த ஸ்டூல் ஆடியது.

ஐகானில் டபுள் கிளிக் செய்தேன். மவுஸ் முனையில் வட்டம் சுற்றியது, நின்றது. விண்டோவும் வரவில்லை, எரர் மெசேஜும் வரவில்லை.

"கடைசியா எப்ப ஓடுச்சு?"

"பூஜைக்கு முந்தின நாள். அன்னிக்கு எல்லாத்தையும் கழுவித் தொடச்சேன். இது ரொம்ப நாளா அப்கிரேடு, அப்கிரேடுன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. சரி, பூஜைக்கு இதுவும் புதுசா இருக்கட்டுமேன்னு அமுக்கிட்டேன். அது முடிஞ்சதும் ஆஃப் பண்ணிப் பொட்டு வெச்சிட்டேன். பூஜையில வெச்ச ஆயுதத்தத் தொடக்கூடாதில்ல? இன்னிக்குத்தான் ஆன் பண்றேன்."

பெரிய அப்கிரேடு செய்துவிட்டு, ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் பூஜையில் வைத்திருக்கிறார்.

2. வாயைத் திறக்க வைப்பது

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களே, இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐகானைக் கிளிக் செய்தால் புரோகிராம் தன் குறையைச் சொல்லாமலே செத்துவிடும். அதே புரோகிராமை டெர்மினலில், அதாவது கமாண்ட் அடிக்கும் கறுப்புத் திரையில், பெயரை அடித்து ஓட்டினால் என்ன இல்லை என்று அதுவே சொல்லும். பத்து தடவை கிளிக் செய்வதைவிட ஒரு தடவை டெர்மினலைத் திறப்பது மேல். அக்காவிடமும் இதையே சொன்னேன்.

அடித்தேன். ஒரே வரியில் பதில் வந்தது. ஃப்யூஸ் என்ற லைப்ரரியின், அதாவது மற்ற புரோகிராம்கள் துணைக்கு எடுத்துக்கொள்ளும் ஃபைலின், பழைய வெர்ஷன் இல்லையாம்.

"ஃப்யூஸ் போச்சா? அப்ப எலெக்ட்ரீஷியனக் கூப்புடு குரு!" என்றார் கிரி. கன்னடத்தில் கூட்டாளியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அந்த ஃப்யூஸ் இல்ல சார்."

அக்காவின் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யாமலே ஓடுகிற ஒற்றை ஃபைல். சூட்கேஸ் மாதிரி எல்லாவற்றையும் உள்ளே மடித்து வைத்திருக்கும். அதைப் பிரிக்க இந்த லைப்ரரி வேண்டும். அப்கிரேடு பழையதை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் கொண்டுவந்திருந்தது. சூட்கேஸுக்குப் பழைய சாவிதான் பொருந்தும்.

என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அந்த லைப்ரரியை இறக்க, ஞாபகத்தில் இருந்த பேக்கேஜின் பெயரை அடித்தேன். திரை நிறைய எழுத்து ஓடி, கடைசியில் தொடரலாமா என்று கேட்டது. ஆமென்றால் 'ஒய்', இல்லையென்றால் 'என்' அடிக்க வேண்டும்.

"ஒய் அமுக்கு குரு, பேகா, பேகா, சீக்கிரம்! மேளக்காரன் வந்து உக்காந்திருப்பான்."

நான் மேலே போய்ப் படித்தேன். புதிதாக ஏறப்போவது ஒன்று. அதற்காக நீக்கப்போவது ஒரு நீளமான வரிசை. டெஸ்க்டாப்பே அந்த வரிசையில் இருந்தது. ஒய் அடித்திருந்தால் அக்காவின் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.  'என்' எழுத்தை அடித்தேன்.

"ஏன்பா வேணாங்கற?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"அது வேற ஆளு அக்கா. பேரு ஒண்ணு மாதிரி இருக்கும். வீட்டுக்குள்ள வரும்போதே மத்தவங்களத் தொரத்திடும்."

சரியான லைப்ரரியின் முழுப் பெயரை, வெர்ஷன் எண்ணோடு அடித்தேன். இந்த முறை நீக்க எதுவும் இல்லை. ஒய். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐகானை நான் தொடவில்லை. "நீங்களே கிளிக் பண்ணுங்க அக்கா" என்றேன்.

வட்டம் சுற்றியது. விண்டோ முழுசாகத் திறந்தது. கிரி விசில் அடித்தார்.

அக்கா 'கனெக்ட்' பட்டனை அமுக்கினார். முகம் மறுபடி சுருங்கியது. "மிஷினே லிஸ்ட்ல வரலையே தம்பி."

கிரி விசிலைப் பாதியில் நிறுத்தினார்.

லேசர் மிஷினின் யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கி, மறுபடி செருகி, நடப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் லாகைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் மிஷினைப் பார்க்கிறது. அடுத்த நொடியே வேறொரு புரோகிராம் வந்து அதைப் பறித்துக்கொள்கிறது. அந்தப் பெயரை போனில் தேடினேன். பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற பிரெயில் கருவிக்கான புரோகிராம் அது. மிஷினின் கேபிளில் இருக்கும் சிப்பும் சில பிரெயில் கருவிகளின் சிப்பும் ஒரே அடையாளம் சொல்பவை. அதனால் அந்தப் புரோகிராம் நம் லேசரைத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, கண்ணு தெரியாதவங்க யாராச்சும் இந்தக் கம்ப்யூட்டர யூஸ் பண்றாங்களா?"

"இல்லியே."

"கண்ணு தெரிஞ்சவங்களே முடியாமத்தானே உக்காந்திருக்கோம்" என்றார் கிரி.

கேட்டது வேடிக்கைக்கு அல்ல. யாருக்காவது அது வேண்டியிருந்தால் வேறு வழி தேடியிருப்பேன். யாருக்கும் வேண்டாம் என்று தெரிந்ததும் நீக்கினேன். கேபிளைச் செருகினேன். லிஸ்டில் மிஷின் வந்தது, நின்றது, போகவே இல்லை.

"இருங்க இருங்க!" என்று அக்கா ஓடினார். லேசர் ஓடுகிற தண்டவாளத்தின் குறுக்கே சாமந்தி மாலை தொங்கியது. அதைக் கழற்றித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு ஸ்டார்ட் கொடுத்தார்.

சிவப்பு அக்ரிலிக்கில் முதல் கன்னட எழுத்து வளைந்து வளைந்து வெட்டுப்பட்டது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் கடை முழுக்கப் பரவியது. மூன்று பேரும் அதை ஊதுபத்தி வாசனை மாதிரி இழுத்துக்கொண்டு நின்றோம். கடைசி எழுத்து முடிந்ததும் கிரி எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார். "குரு, சாயங்காலம் மொத தோசை உனக்குத்தான். வரலேன்னா நானே வந்து தூக்கிட்டுப் போவேன்!"

போனேன். எழுத்துகள் விளக்கு வெளிச்சத்தில் எரிந்தன. தோசையில் உப்பு குறைவு. சொல்லவில்லை, இரண்டாவதும் வாங்கிச் சாப்பிட்டேன்.

3. மறுநாள் காலை

ஒக்கலிபுரத்தில் தூங்கி எழுந்தேன். ஸ்டேஷன் நடக்கும் தூரத்தில் இருந்தது. ஆனால் பையை எடுத்துக்கொண்டு அடுகோடி பஸ்ஸில் ஏறினேன். காலையில் வா என்று அக்கா சொல்லியிருந்தார்.

அதே ஸ்டூலில் உட்கார வைத்தார். "வேலைக்கு ஆள் வேணும். நீ வரியா? அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. போன வேலைய ஏன் விட்ட?"

"பிடிக்கல அக்கா."

"இது ஐகான் பதில். கிளிக் பண்ணா சுத்திட்டு நிக்குது. டெர்மினல்ல சொல்லு."

என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டைச் சொன்னேன். தொடர்ந்து எனக்கே போட்டதையும், ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்காததையும் சொன்னேன்.

"இங்க ஞாயித்துக்கிழம லீவு. வேற என்ன கொற? இப்பவே சொல்லு. பைய மாட்டிக்கிட்டுப் போனப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த ஸ்டூல் ஆடுது அக்கா."

"இன்னிக்கே மாத்தறேன். முடிஞ்சுதா? எழுந்திரு, வேலையப் பாரு."

மீந்துபோன சிவப்பு அக்ரிலிக் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். மானிட்டருக்கு மேலே ஒட்ட ஒரு போர்டு வெட்ட வேண்டும். என்ன எழுத வேண்டும் என்று அவரே சொன்னார், நான் டைப் செய்தேன்: 'என்னைக் கேட்காமல் யாரும் அப்கிரேடு அமுக்கக் கூடாது.'

"என்னைன்னா யாரு அக்கா? நீங்களா?"

"நீதான்டா" என்று சொல்லிவிட்டு, அவர் ஷட்டரை முழுசாக மேலே தூக்கினார்.