கோதுமை ரவை விரதம்

என் தங்கைக்கு என்ன வியாதி என்று கேட்டபோது முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோதுமை ஆகாதாம். கோதுமையில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால் உடம்பே தன் குடலைப் புண்ணாக்கிக்கொள்ளுமாம். சீலியாக் என்று பெயர். "இட்லி தின்னு வளர்ந்த நமக்கு எங்கேருந்துடி வந்தது வடநாட்டு வியாதி" என்று போனில் கேலி செய்தேன். அடையாறில் இருக்கும் அவள் அந்தக் கேலியை ரசிக்கும் நிலையில் இல்லை. பத்து வருஷமாக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. கடைசியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"கூடப்பிறந்தவங்களும் டெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் சொல்றார். உனக்கும் எப்பவும் ரத்தம் கம்மிதானேக்கா. போய்ப் பாரு" என்றாள்.

சிரிப்பு அதோடு நின்றது. ரத்தம் கம்மி என்பது கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு விழுந்த பட்டப்பெயர். அதோடு வாய்ப்புண், நாலு நாளைக்கு ஒருமுறை வயிற்றுப்போக்கு, எதைத் தின்றாலும் உப்பிக்கொள்ளும் வயிறு. மூன்றாம் மாதத்தில் ஒன்றும் ஐந்தாம் மாதத்தில் ஒன்றுமாக, தங்காமல் போன இரண்டு கர்ப்பங்கள். தங்கை தன் டாக்டர் கொடுத்த காகிதத்தைப் படமெடுத்து அனுப்பினாள். இந்த வியாதி தெரியாமலே இருந்தால் சிலருக்குக் கரு கலையலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

என் கணவர் வீட்டார் திருநெல்வேலிப் பக்கம். தியாகராய நகரில் புடவைக் கடை, மயிலாப்பூரில் வீடு, குலசாமிக்கு மேலே முருகன். கல்யாணமாகி இரண்டு வருஷம் வயிறு திறக்கவில்லை என்றதும் அத்தை, அதாவது என் மாமியார், சஷ்டி விரதத்தை என் தலையில் கட்டினார். எங்கள் வீட்டில் விரதம் என்றால் பட்டினி இல்லை. அரிசி படக்கூடாது, அவ்வளவுதான். பகலில் பாலும் பழமும். விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு பலகாரம். பலகாரம் என்றால் கோதுமை ரவை உப்புமா, மாற்றி மாற்றிச் சப்பாத்தி. சோறு தின்றால் விரதம் கெட்டுவிடும், உப்புமா தின்றால் சாமி ஒன்றும் சொல்லாது. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

முதல் கர்ப்பம் போனபிறகு சஷ்டியோடு கிருத்திகையும் சேர்ந்தது. இரண்டாவது போனபிறகு எல்லாச் செவ்வாய்க்கிழமையும் சேர்ந்தது. ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தால் ஆறு நாளும் தொடர்ந்து உப்புமா. ஆறாம் நாள் என் வயிறு பானை மாதிரி நிற்கும். அத்தையின் கண் முதலில் அங்கேதான் போகும். மறுநாள் காலையில் நான் குளியலறைக்கும் கூடத்துக்குமாக நடப்பதைப் பார்த்து அந்தக் கண் திரும்பிக்கொள்ளும். குழந்தை வேண்டும் என்று எத்தனை விரதம் ஏறியதோ, அத்தனை கோதுமை எனக்குள் ஏறியது.

ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். கரு கலைந்து படுத்திருந்தவளைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் ரொட்டி பாக்கெட்டோடு வந்தார்கள். நோயாளிக்கு ரொட்டிதானே நம் ஊரில் மரியாதை. பாலில் தோய்த்த பன், ரஸ்க், "உடம்பு தேறட்டும்" என்று பாட்டில் பாட்டிலாகக் கோதுமை கலந்த மால்ட் பவுடர். நான் தேறவில்லை. தேறாததற்கும் நானே காரணமாம். சரியாகச் சாப்பிடுவதில்லையாம். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து வளைகாப்புகளில் எனக்குப் பந்தி பரிமாறும் வேலை கொடுத்தார்கள். வளையல் போடும் நேரத்தில் யாராவது கூப்பிட்டு, "உள்ளே பாயசம் கொதிக்குது பாரும்மா" என்பார்கள்.

அத்தையைக் கெட்டவராகச் சொல்லிவிட்டால் எனக்கு வசதி. அவர் கெட்டவர் இல்லை. என் விரத நாளில் உப்புமாவை அவரே கிண்டுவார். ரவையை நெய்யில் வறுத்து, முந்திரி போட்டு, சூடு ஆறாமல் தட்டில் வைத்து எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு பருக்கை மிச்சம் வைக்க விடமாட்டார்.

தங்கை சொன்னபிறகு யாரிடமும் சொல்லாமல் கோதுமையை நிறுத்திப் பார்த்தேன். சப்பாத்தி, ரவை, மைதா எல்லாம் போயிற்று. கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலப்பார்கள் என்று தங்கை எச்சரித்ததால், மாட வீதிப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் மாவு கலக்காத பெருங்காயம் கேட்டேன். "பெருங்காயத்துல கோதுமை இன்னாத்துக்கும்மா கீது?" என்றார் கடைக்காரர். டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, "இம்மா நாளா வித்துக்கினு கீறேன், பார்த்ததே இல்ல" என்றார்.

இரண்டே மாதம். வாய்ப்புண் ஆறியது. வயிறு அமர்ந்தது. ஐம்பத்தாறு வயதில், காலையில் எழுந்ததும் அசதி இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது.

பிறகுதான் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "டெஸ்டுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்களே மேடம். இப்ப எடுத்தா ஒண்ணும் இல்லைன்னுகூட வரலாம். உறுதியா தெரியணும்னா ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுட்டு வரணும். அது உங்க இஷ்டம், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"அந்த ரெண்டும் இதனாலதான் போச்சா டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "இருந்திருக்கலாம். அதை இனிமே யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது, மேடம்."

ஒரு வாரம் யோசித்தேன். எந்தப் பதில் வந்தாலும் எனக்கு நல்லதில்லை. வியாதி இல்லை என்று வந்தால், பழியெல்லாம் மறுபடி என் கர்ப்பப்பைக்கே வரும். இருக்கிறது என்று வந்தால், முப்பது வருஷம் முன்னால் ஒரு ஊசி ரத்தத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு நான் வாழ்க்கையைக் கொடுத்திருக்கிறேன் என்று ஆகும். அன்று எத்தனையோ முறை ரத்தம் எடுத்தார்கள். இதைத் தேட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அரிசி தின்னும் ஊரில் கோதுமையை யார் சந்தேகப்படுவார்கள்.

கடையிலிருந்து வந்த கணவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும், "அதான் நிறுத்தினதும் சரியாயிடுச்சே. சாப்பிடாம இருந்துட்டுப் போ. எதுக்குத் திரும்பச் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கணும்?" என்றார்.

"எனக்குத் தெரியணும்."

அவர் சட்டையை மாட்டிவிட்டு அறைக்கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "சரி, எடு. ஆனா அதுதான்னு வந்தா அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. அவங்க கையால செஞ்சு போட்டது. தாங்க மாட்டாங்க."

இந்த வீட்டில் எனக்காக ஒருநாளும் யாரும் "தாங்க மாட்டா" என்று சொன்னதில்லை. வளைகாப்பு வீட்டில் என்னைப் பாயசத்தைப் பார்க்க அனுப்பியபோது இதே மனிதர் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார். என் காதில் விழும்படி எல்லோரும் எல்லாமும் சொல்லலாம், இதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலையில் கடைக்குப் போய் ஒரு கிலோ கோதுமை ரவை வாங்கிவந்தேன்.

மூன்று வாரமாகத் தினமும் உப்புமா தின்றுகொண்டிருக்கிறேன். வாய்ப்புண் திரும்பிவிட்டது. வயிறு பழையபடி பானையாகிவிட்டது, இப்போது அதை ஆசையோடு பார்க்க யாரும் இல்லை. தங்கை தினமும் போன் செய்து, முடியாவிட்டால் நிறுத்திவிடச் சொல்கிறாள். என் கணவர் சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை. டிவி முன்னால் தட்டை வைத்துக்கொள்கிறார்.

அத்தைக்கு எண்பத்துநாலு வயது. முட்டி வலியால் அடுக்களைக்கு வருவதில்லை, ஆனால் கண் நன்றாகத் தெரியும். நேற்று விளக்கேற்றியபின் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு வாரமாப் பாக்கேன். சோத்தத் தொட மாட்டேங்க. விரதமா இருக்க?"

"ஆமா அத்தை."

"எத்தன நாளைக்கு?"

"நாப்பத்திரெண்டு."

முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு, "எதுக்கும்மா இப்பம்? அந்த முருகன் ஒனக்கு என்னத்தத் தந்துட்டான்னு இன்னும் வயித்தக் காயப்போடுத?" என்றார். குரல் உடைந்திருந்தது.

என் பக்கமாக அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். முப்பது வருஷம் நான் காத்திருந்த வார்த்தை. வந்தபோது எனக்கு ஆறுதலாக இல்லை, ஆத்திரமாக இருந்தது. டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது. கூடத்திலிருந்து கணவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"விரதம் முடியட்டும் அத்தை. எதுக்குன்னு நானே உங்ககிட்ட சொல்றேன்" என்றேன், கூடத்தில் இருந்தவருக்கும் கேட்கும்படி.

அத்தை தலையாட்டினார். வெறும் வயிற்றோடு இருக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, கரண்டியை எடுத்து என் தட்டில் இன்னும் கொஞ்சம் உப்புமா வைத்தார்.