நாலாவது மாடிக்கு எட்டாத ஸ்டேஷன்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய பாட்டுக்கு ஏங்குகிறவன் தமிழனாக மட்டும் பிறக்கக் கூடாது. மற்ற எல்லாருக்கும் ஆளுக்கொரு ஸ்டேஷன் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா காலையில் கீரை நறுக்கும்போது அவளுடைய ரேடியோவில் அவள் குமரியாக இருந்த காலத்துப் பாட்டு வரும். என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் மலாய்க்கார டாக்சிக்காரர் வண்டியைக் கிளப்பியதும் அவருடைய அப்பா காலத்துப் பாட்டு வரும். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே ஓட்டுவார். நான் தமிழுக்குத் திருப்பினால் இரண்டு இளசுகள் பேசிப் பேசித் தங்களுக்குத் தாங்களே சிரித்துக்கொள்கிறார்கள். பழைய பாட்டே போடுவதில்லை என்று சொன்னால் பொய். என்றைக்கோ ஒரு மணி நேரம் போடுவார்கள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருக்கும்.

எனக்குப் பொறாமை. அதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. டாக்சியை விட்டு இறங்கும்போது வாய் 'தெரிமா காசே' என்று நன்றி சொல்லும், மனசு 'கொடுத்து வைத்தவனய்யா நீ' என்று கறுவும்.

ஆனால் அதெல்லாம் சில்லறைப் பொறாமை. அசல் வயிற்றெரிச்சல் போன வருஷம் எங்கள் அடுக்குமாடியின் தரைவீட்டுக்குக் குடிவந்தது.

டவுனுக்கு வெளியே, ஆயர் ஈத்தாமில் நாலாவது மாடி எங்களுடையது. நானும் மனைவியும் மட்டும்தான். பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். பள்ளிக்கூட ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதி எழுதி ஓய்வுபெற்றவன் நான். தரைவீட்டுக்கு வந்தவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். என்னைவிட நாலைந்து வயதுதான் இளையவர், ஆனால் தலைமுடி இன்னும் கறுப்பு. முதல் குற்றம் அதுதான்.

அவர் வந்த இரண்டாவது வாரத்திலிருந்து, காலை எட்டு மணிக்குக் கீழேயிருந்து பாட்டு ஏறி வர ஆரம்பித்தது. எல்லாம் எங்கள் காலத்துப் பாட்டு. நடுநடுவே ஒரு குரல் அவசரமில்லாமல், சுத்தமான தமிழில் பேசும். என்ன பேசுகிறது என்பது நாலாவது மாடிக்குத் தெளிவாக வராது. ஆனாலும் அந்த நிறுத்தமும் இழுப்பும் வானொலி அறிவிப்பாளருக்கு மட்டுமே உரியவை. ஆக, எனக்குக் கிடைக்காத ஒரு ஸ்டேஷன் அந்த மனிதருக்குக் கிடைக்கிறது என்று முடிவு கட்டினேன்.

என் மனைவி கோப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தினமும் லிப்டில் இறங்கிவிடுவாள்.

"என்ன ஸ்டேஷன் அது?" என்று கேட்டேன்.

"கீழ வந்து கேளுங்களேன்."

"நம்பரச் சொல்லு. நான் இங்கயே வச்சிக்கிறேன்."

"நம்பரெல்லாம் எனக்குத் தெரியாதுலா. வந்தா கேக்கலாம், வராட்டி சும்மா இருங்க."

ஒரு மணி நேரம் கழித்து ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வருவாள். அவள் முணுமுணுத்து நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டு அடுப்படியில் இன்னொருவன் ரேடியோவின் பாட்டா?

பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் புது ரேடியோ ஒன்று வாங்கி வந்தேன். எட்டு மணிக்குக் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். தாய்லாந்துக்காரன் செய்தி படித்தான். கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஓதினார்கள். துணி காயப்போடும் மூங்கில் கழியின் நுனியில் செம்புக் கம்பியைக் கட்டிச் சன்னலுக்கு வெளியே நீட்டினேன். கம்பியில் மாட்டி, காய்ந்துகொண்டிருந்த மெத்தை விரிப்பு மூன்றாவது மாடி ஏர்கோனின் மேல் விழுந்தது. அதைக் கேட்டு வாங்கிவர என் மனைவிதான் போனாள். ஸ்டேஷன் மட்டும் கிடைக்கவில்லை.

வெட்கத்தை விட்டு ஒருநாள் லிப்டின் முன்னால் அவரையே பிடித்தேன்.

"தம்பி, அந்த ஸ்டேஷன் நம்பர் என்னா?"

"அது மேல வராதுண்ணே," என்று சிரித்தார். "கீழ நின்னாத்தான் கிளியரா இருக்கும்."

அந்தச் சிரிப்பு என்னை இரண்டு வாரம் தின்றது. பிறகு, குப்பை போடப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பாதி கூட நிறையாத பையோடு எட்டேகாலுக்கு இறங்கினேன்.

தூண் ஓரத்தில் நின்று பார்த்தேன். கல்பெஞ்சுகளில் ஏழெட்டுப் பேர், அவர்களில் என் மனைவியும் இருந்தாள். அவருடைய வாசலில் ஒரு கராவோக்கே ஸ்பீக்கர். அதன் முதுகில் ஒரு பென்டிரைவ் செருகியிருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். அறிவிப்பாளர் அவர்தான். தபால்பெட்டிகளின் அருகே மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின் ஒன்று தொங்கும். கோயில் திருவிழாவுக்கு வசூல் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன டின் அது. இப்போது அது அவர் மடியில் இருந்தது. உள்ளே கைவிட்டு ஒரு சீட்டை எடுத்துப் படித்தார்.

"இப்பாடலை விரும்பிக் கேட்பவர் நாலாவது மாடி அக்கா. அவரோடு சேர்ந்து கேட்டு மகிழ்பவர்கள், ஐந்தாவது மாடிப் பெரியம்மா, மூன்றாவது மாடி டீச்சர், காய்கறிக் கடை சீனத்து அக்கா, லிப்ட் பழுதுபார்க்கும் மலாய்த் தம்பி, மற்றும் படிக்கட்டுப் பூனை."

அவ்வளவுதான். பாட்டு ஆரம்பித்துவிட்டது.

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அந்தக் காலத்தில் வானொலிக்கு அட்டை எழுதினால் பாட்டு மூன்று நிமிடம், பெயர்ப் பட்டியல் ஐந்து நிமிடம். அத்தை மாமா, சம்பந்தி வீடு, பக்கத்து வீடு, பிறக்கப் போகிற பிள்ளை வரை ஒருவர் பாக்கியில்லாமல் எழுதுவோம். ஒரு பெயரை விட்டால் அது மறதி என்று யாரும் நம்ப மாட்டார்கள். என் சின்னத்தைகள் இருவர் அப்படி விட்ட ஒரு பெயருக்காக இரண்டு தீபாவளி பேசாமல் இருந்தார்கள். இங்கே பூனைக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை.

குப்பைப் பையோடேயே வீட்டுக்குத் திரும்பினேன். அவள் வந்ததும் கேட்டேன்.

"பூனையெல்லாம் இருக்கு. நான் எங்க?"

"வந்திருந்தீங்களா?" என்றாள் நிதானமாக. "நீங்க எனக்கு எப்பவாச்சும் எழுதினீங்களா?"

"ஏன், கல்யாணமான மொத வருஷம் ஒன் பொறந்தநாளுக்குக் கார்டு போட்டேனே! ஸ்டேஷன்காரன் படிக்கல. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

அந்தப் பிறந்தநாளை நான் மறக்கவில்லை. தன் பேர் ரேடியோவில் வரும் என்று அவள் அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். ரேடியோவைச் சுற்றி ஆறேழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யார் யாருடைய பெயரோ வந்தது. அவள் பெயர் கடைசி வரை வரவில்லை. வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுத்து, சிரித்த முகமாக அனுப்பிவைத்தாள். அட்டை கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது என்று ஸ்டேஷன்காரனை நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. உண்மையில் நான் அதைத் தபாலில் சேர்க்கவே இல்லை. எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன், மறந்தேன். பிறகு தேடினால் அட்டையும் இல்லை. அதை வைத்த வெள்ளைச் சட்டையும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று முப்பத்தெட்டு வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இப்போது ஒரு பஸ் டிரைவர், கராவோக்கே மைக்கை வைத்துக்கொண்டு, நான் செய்யாததை அவளுக்குத் தினமும் செய்கிறார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மறுநாள் விடிந்ததும் ஒரு சீட்டு எழுதினேன். கிராணிக் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. எட்டு மணிக்கு முன்பே இறங்கி அதை டின்னில் போட்டுவிட்டு, கல்பெஞ்சில் உட்கார்ந்தேன். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவதாக என் சீட்டு வந்தது. அந்த மனிதர் அதை ஒருமுறை மனசுக்குள் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். குறை சொல்லக்கூடாது, நன்றாகவே படித்தார்.

"முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அன்பு மனைவியின் பிறந்தநாளுக்குக் கணவர் அனுப்பிய வாழ்த்து, வானொலி நிலையத்தாரின் கவனக்குறைவால் அன்று ஒலிபரப்பாகவில்லை. அதே வாழ்த்து, அதே பாடல், இதோ இன்று."

பெரியம்மா கைதட்டினார். டீச்சர் என் மனைவியின் தோளை இடித்தாள். பாட்டு ஆரம்பித்தது. நான் கறுப்பு முடிக்காரரைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு ஒன்று சிரித்தேன்.

என் மனைவி கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பாவம், ஸ்டேஷன்காரன் மேல ஏன் பழியப் போடுறீங்க? அந்த வெள்ளச் சட்டையத் தொவச்சது யாருன்னு நெனச்சீங்க?"

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"பையில இருந்துச்சு. மை கலைஞ்சி சட்டையெல்லாம் ஊதா. ஸ்டாம்பு மட்டும் அப்படியே ஒட்டியிருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே," என்றேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

ஒரு சீட்டில் என் பெயர் விட்டுப்போனதை என்னால் ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. அவள் முப்பத்தெட்டு வருஷம், நான் ஸ்டேஷன்காரனைத் திட்டும்போதெல்லாம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

பாட்டு முடிந்ததும் எழுந்து போய்ப் பஸ் டிரைவரிடம் ஒரு காகிதத் துண்டும் பேனாவும் கேட்டு வாங்கினேன். இந்த முறை எழுத நேரம் பிடித்தது. நிறைய அடித்தேன், திருத்தினேன். மடித்து டின்னில் போடப் போனவனின் கையைப் பிடித்து, என் மனைவி அதை வாங்கித் தானே உள்ளே போட்டாள்.