பூசையில் இருந்த பிளாப்பி

நேற்று என் மகள் கைபேசியில் ஏதோ ஒரு செயலியை விரலால் அமுக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, "போயிருச்சுப்பா" என்றாள். எங்கே போனது? திரையை விட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான். வாசலில் கிடக்கும் செருப்பை ஒளித்துவிட்டு, விருந்தாளி கிளம்பிவிட்டார் என்று நம்புவது மாதிரி. சிரித்தேன். எனக்கு அப்படிச் சிரிக்க என்ன யோக்கியதை?

இரண்டாயிரத்துக்குச் சற்று முன்பின் இருக்கும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கல்யாணப் பத்திரிகை, கோயில் பத்திரிகை அடிக்கும் கடையில் எனக்கு வேலை. பத்தாவதோடு நின்றவன்தான், ஆனால் மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன திமிர் இருந்தது. தமிழில் டைப் அடித்தது ஜெயமேரி அக்கா. அந்தத் தமிழ் மென்பொருளுக்கு அனுமதி ஒரே ஒரு பிளாப்பியில். கம்ப்யூட்டரில் ஏற்றினால் அனுமதி அதற்குள் போய்விடும், பிளாப்பி காலி. பிளாப்பியைச் செருகி மென்பொருளை முறையாக நீக்கினால்தான் அனுமதி அதற்குத் திரும்பி வரும். அப்புறம்தான் வேறு கம்ப்யூட்டரில் ஏற்றலாம்.

ஆயுத பூசைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதை நத்தத்துக்காரர் ஒருவர் அன்று சாயங்காலமே எடுத்துப்போவதாகப் பேச்சு. மத்தியானம் வீட்டுக்குக் கிளம்பும்போது, பழையதில் இருப்பதையெல்லாம் எப்படி எடுப்பது என்று அக்கா பாடமே நடத்தினார். சாதாரண மென்பொருள்களைக் கண்ட்ரோல் பேனலில் போய் நீக்க வேண்டும். வைரஸ் தடுப்பை முதலில் நிறுத்திவிட்டு நீக்க வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்.

"தம்பி, தமிழ மட்டும் பிளாப்பியப் போட்டு எடுங்க. போல்டர அழிச்சிராதீக, அனுமதியும் சேந்து போயிரும்."

"எனக்குத் தெரியாதாக்கும். நீங்க போங்கக்கா."

சாயங்காலம் நத்தத்துக்காரர் ஆட்டோவோடு வந்து நின்றபோது பிளாப்பி வாழையிலையில் இருந்தது. கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில், சந்தனமும் குங்குமமுமாக. வைத்தவன் நான்தான். பூசையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூசைக்கு முன்னால் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். தொடவில்லை. போல்டரை அழித்தேன், குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன், பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். பக்தியாம் பக்தி. கேட்டிருந்தால் சரஸ்வதியே, எடுத்துத் தொலைடா என்றுதான் சொல்லியிருப்பாள்.

மறுநாள் கன்னிவாடிப் பக்கமிருந்து கும்பாபிஷேகப் பத்திரிகை வாங்க ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். புதுக் கம்ப்யூட்டரில் பிளாப்பியைப் போட்டால் அனுமதி இல்லை என்றது. அக்கா டைப் அடித்து, புதியதற்கு மாற்றி வைத்திருந்த பத்திரிகை வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. விற்ற கம்பெனிக்குப் போன் செய்தோம். புதிதாக வாங்குங்கள் என்று வைத்துவிட்டார்கள். வந்தவர்கள் எழுந்து வேறு கடைக்குப் போனார்கள்.

முதலாளி அக்கா பக்கம் திரும்பினார். "பூசை நாளும் அதுவுமா என்னத்தம்மா நோண்டி வச்ச?"

"நான் மத்தியானமே போயிட்டேண்ணே."

"அப்ப யாரு, சாமியா வந்து அழிச்சுச்சு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு பிளாப்பியில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு போனவர்தான், அப்புறம் வரவே இல்லை.

இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். என் மகளுக்குப் பிளாப்பி என்றால் என்னவென்றே தெரியாது. அக்கா கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வருடா வருடம் பூசையில் "நான்தான் அழிச்சேன்" என்று சாமியிடம் சொல்கிறேன். சாமிக்கு அது அன்றைக்கே தெரியும். முதலாளிக்குத்தான் தெரியாது, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.